மதிப்புக்குரிய கொமாத்ரே

பம்பாமார்க்கா
15 செப்டம்பர் 1957

எவாரிஸ்தோ,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. லாரிக்காரர் மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு, ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற மாதிரி நீட்டினார். அது போகட்டும். முதல் வரியைப் படித்ததும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறையின் மேல் என் பெயர்தான். உள்ளே ‘மதிப்புக்குரிய கொமாத்ரே’ என்று எழுதியிருக்கிறாய்.

யார் அந்தக் கொமாத்ரே? பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுகிறவள் பெற்றவனுக்குக் கொமாத்ரே. ஊற்றுகிறவன் பெற்றவளுக்குக் கொம்பாத்ரே. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். நமக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் மருத்துவச்சி சத்துர்னீனா. அவளைக் கூப்பிடு கொமாத்ரே என்று. கட்டின பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவது கடற்கரையில் புது வழக்கமா? நானும் தெரிந்துகொள்கிறேன்.

அதோடு விட்டாயா? ‘நீங்கள் நலமா, உங்கள் உடல் எப்படி இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறாய். நான் எப்போதிருந்து உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? ஏழு வருஷமாக ‘ஏய்’ என்று கூப்பிட்டவனுக்குப் பருத்திப் பண்ணையில் மரியாதை கற்றுக்கொடுத்தார்களா? யாராவது பெண் கற்றுக்கொடுத்திருந்தால் அதையும் எழுதிவிடு. எனக்கு நெஞ்சு திடமாகத்தான் இருக்கிறது. வயிறுதான் இப்போது எல்லாவற்றுக்கும் இறுகிப்போகிறது.

வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. ரொட்டி மாவு பிசையும்போது மேசை விளிம்பில் இடித்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பது உடனே திருப்பி இடிக்கிறது. கோயில் மணி அடித்தால் துள்ளுகிறது. முதலில் சிரிப்பு வரும். அப்புறம் நம் பாப்பா கந்தெலாரியாவும் இப்படித்தான் துள்ளினாள் என்பது நினைவுக்கு வரும், சிரிப்பு நின்றுவிடும். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் ‘உம்முடைய திருவயிற்றின் கனி’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. தேவமாதாவுக்குப் பயப்படாதே என்று சொல்ல ஒரு தூதன் வந்தான். எனக்குச் சொல்ல நீதான் இருக்கிறாய். நீ என்னை ‘நீங்கள்’ என்கிறாய்.

கல்லறையில் பாப்பாவின் சிலுவை சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன். உருளைக்கிழங்கு நடும் காலம் வந்துவிட்டது. கடற்கரைக்குப் பருத்தி எடுக்கப் போன ஆண்கள் எல்லாரும் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். நீ எப்போது வருகிறாய்?

மெல்ச்சோரா


கன்யேத்தே, பருத்திப் பண்ணை
6 அக்டோபர் 1957

மதிப்புக்குரிய கொமாத்ரே,

உறை மாறவில்லை. பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குப் பட்டாளத்தில் கற்ற எழுத்துத்தான், சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. போன வருஷம் காணிக்கை மாதா திருநாளில் பாப்பா பிறந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. படுக்கையெல்லாம் இரத்தம். பாப்பா கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். தண்ணீர் ஊற்றி ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி’ சொன்னது சத்துர்னீனா என்று அப்புறம் உங்களிடம் சொன்னேன். சத்துர்னீனா ஊற்றவில்லை. நான் ஊற்றினேன். கந்தெலாரியா என்ற பெயரையும் நான்தான் வைத்தேன். அதற்குப் பின் அரைமணி நேரம் இருந்தாள்.

அது ஒரு குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கூச்சத்தில் மாற்றிச் சொன்னேன். இங்கே கொட்டகையில் என் பக்கத்துப் படுக்கை செலதோனியோவுடையது. அவருடைய ஊரில் இருபது வருஷம் சாமியாருக்குப் பூசையில் உதவும் கோயில்பிள்ளையாக இருந்தவர். ஆகஸ்டு மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டில் கதை பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

“பெத்தவனே தண்ணி ஊத்துனா அவன் யாரு? பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அப்ப பெத்தவ அவனுக்கு யாரு? கொமாத்ரே. கொமாத்ரேங்கறவ கூடப்பொறந்தவளுக்கும் மேல. அவகூடப் படுக்கலாமாய்யா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஊரில் ஒருவன் அப்படி ஊற்றினானாம். ஊற்றிவிட்டு மனைவியோடு பழையபடி இருந்தானாம். அடுத்த இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும், முறைகெட்டவர்கள் ஆகிற கர்க்கச்சாப் பேயாகி, இரண்டு தலை லாமா மிருகத்தின் உருவில் மலையில் கத்திக்கொண்டு திரிந்ததை ஊரே கேட்டதாம்.

நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வயிற்றில் இருப்பது நான் தண்ணீர் ஊற்றிய பின் உண்டானது.

அதனால் வரமாட்டேன். உங்கள் வீட்டுக் கூரையின் கீழ் நான் படுக்கக் கூடாது. நன்றாகச் சாப்பிடுங்கள். பாரம் தூக்காதீர்கள்.

எவாரிஸ்தோ


பம்பாமார்க்கா
4 நவம்பர் 1957

எவாரிஸ்தோ,

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போட்டிருந்தால் ரொட்டி கருகியிருக்கும் என்று எடுத்துவிட்டேன்.

என் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று எனக்கே ஒன்றே முக்கால் வருஷமாகத் தெரியாது. ஊற்றியவன் என் பக்கத்தில் படுத்திருந்தான். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, அது தனியாக இருக்கட்டும், நீ வந்த பிறகு தீர்த்துக்கொள்கிறேன். இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி.

மரித்தோர் திருநாளுக்கு வழக்கம்போல ரொட்டிப் பிள்ளைகள் சுட்டேன். நூற்று இருபது பிள்ளைகள். கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, கன்னத்துக்குச் சிவப்புச் சாயம். வழக்கம்போல ரூஃபீனோ குடித்துவிட்டுச் சாக்கைச் சாமியார் அங்கியாகப் போர்த்திக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தான். வெங்காயத் தாளைச் சோளக்கள்ளில் நனைத்து ரொட்டிப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான். “இந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் யாரு?” என்பான், ஒருத்தன் ஓடி வருவான், கட்டிப் பிடிப்பார்கள், கொம்பாத்ரே, கொமாத்ரே என்று ஒரே கூத்து. நானும் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். ரூஃபீனோ என்னிடம் வந்தான். ரொட்டியைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான்.

“இந்த அம்மாவுக்கு ஞானத்தகப்பன் தேட வேண்டாம்யா! வீட்டுக்குள்ளயே ஒருத்தரை வச்சிருக்காங்க!”

ஒரு நொடி எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரடி தள்ளிப் போனார்கள். இதெல்லாம் ஊருக்கு எப்படித் தெரிந்தது? சத்துர்னீனா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் நேரே கோயிலுக்குப் போனேன். பூசை வைக்க சான் லூக்காஸிலிருந்து உர்பானோ சாமியார் வந்திருந்தார். பூட்ஸிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு சொன்னா இதை?”

“ஒரு கோயில்பிள்ளை, சாமி.”

“கோயில்பிள்ளைங்க எல்லாருக்கும் அரைப் படிப்பு, முக்கால் வாய். கேட்டுக்கோம்மா. உயிர் போற நேரத்துல யாரு வேணும்னாலும் ஊத்தலாம். பெத்தவனும் ஊத்தலாம். வேற ஆளே இல்லாதப்போ ஊத்தினா ஒரு உறவும் ஒட்டாது, ஒரு பாவமும் இல்ல. நீங்க புருஷன் பொண்டாட்டிதான். வேற ஆள் இல்லதானே?”

“இல்ல, சாமி.”

“அப்ப போய் ரொட்டி சுடு. அவனுக்கு எழுதிப் போடு, கழுதை மாதிரி அங்க நிக்காம வரச் சொல்லு.”

அழுதுவிட்டேன், எவாரிஸ்தோ. சாமியார் முன்னாலேயே மூக்கைச் சிந்தி அழுதேன். சத்துர்னீனா அந்த நேரம் வெந்நீருக்கோ துணிக்கோ போயிருப்பாள். நீ தனியாக நின்று, பாவம், என்ன செய்வாய்? நல்லதைத்தான் செய்தாய். நம் பாப்பா மோட்சத்தில் இருக்கிறாள் என்றால் உன் கையால்தான் போனாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வா. உனக்கென்று ஒரு ரொட்டிப் பிள்ளையை எடுத்து வைத்திருக்கிறேன். கல்லாகிப் போவதற்குள் வா.

உன் மெல்ச்சோரா


கன்யேத்தே
24 நவம்பர் 1957

மதிப்புக்குரிய கொமாத்ரே,

மேலே உள்ள வார்த்தையை மறுபடி எழுதியிருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

வேறு ஆள் இருந்தாள்.

சத்துர்னீனா எங்கும் போகவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தோடு பாப்பாவின் தலைமாட்டில் நின்றாள். ஊற்றுவதற்குக் கையை உயர்த்திவிட்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துப் பாத்திரத்தை வாங்கினேன். “ஐயா, பெத்தவரு ஊத்தக் கூடாது” என்று அவள் சொன்னாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏன் வாங்கினேன் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு கவளம் ஊட்டப் போவதில்லை, தோளில் தூக்கித் திருவிழாவுக்குப் போகப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு என் கையால் கொடுக்க அந்த அறையில் அந்தத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதையும் இன்னொருத்தி கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேறு காரணம் இல்லை. தகப்பன் என்ற திமிர் என்று செலதோனியோ சொல்கிறார். அப்படியும் இருக்கலாம்.

எனவே சாமியார் சொன்னது எனக்குப் பொருந்தாது. நீங்கள் தெரியாமல் சொன்ன பதிலுக்கு அவர் சொன்ன தீர்ப்பு அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை இங்குள்ள கோயிலில், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வேண்டுதல் வைத்தேன். இந்தப் பிள்ளையின் முகத்தை நான் ஒருநாளும் பார்க்கமாட்டேன், அதற்குப் பதிலாக அது பிழைக்கட்டும். வைத்தாகிவிட்டது. இனி நான் வந்தால் கொடுத்ததைத் திருப்பி வாங்கினவன் ஆவேன். அதற்கு அவர் எதை எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

மழைக்குளிர் தொடங்கியிருக்கும். என் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவாரிஸ்தோ


பம்பாமார்க்கா
8 டிசம்பர் 1957, மாசற்ற மாதா திருநாள்

எவாரிஸ்தோ,

சத்துர்னீனா வீட்டுக்குப் போனேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், உள்ளே விடவில்லை. அவளுடைய கோழிகள்கூட என்னைக் கண்டு ஓடின என்று எழுதலாம், ஆனால் கோழிகள் எல்லாரையும் கண்டுதான் ஓடும்.

“அவரு பாத்திரத்தப் பிடுங்கினது நெஜமா?” என்றேன்.

“நெஜம்தான். நான்தான் ஊத்துனேன்னு ஊருல சொல்லிக்கலாம்னு அவருகிட்ட சொன்னதும் நான்தான். உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் தனித்தனியா இருப்பீங்கன்னு நெனச்சேன். நீ வயித்தோட வந்து நிக்கிற!”

“குடிச்சிட்டு ஊரெல்லாம் சொன்னதும் நீதானே?”

“ஒருத்திகிட்டதான் சொன்னேன்.”

“அது போதாதா? சரி, தேதி கிட்ட வருது. நீ வருவியா, மாட்டியா?”

“வேற ஆளப் பாரு மெல்ச்சோரா. கொம்பாத்ரேவுக்கும் கொமாத்ரேவுக்கும் உண்டானத நான் தொட மாட்டேன். தொட்டா அப்புறம் என்னைக் கூப்பிட ஒருத்தியும் வரமாட்டா.”

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேறு மருத்துவச்சி இல்லை என்பது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மழை பிடித்துவிட்டது. பாலத்தைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, இப்போது கயிற்றில் தொங்கும் கூடையில்தான் ஆட்கள் கடக்கிறார்கள். இந்த வயிற்றோடு அதில் நான் உட்கார முடியாது.

யாரும் என்னிடம் ரொட்டி வாங்குவதில்லை. நேற்றுச் சுட்டது அப்படியே கிடக்கிறது. வீட்டைச் சுற்றிச் சேற்றில் லாமாக் குளம்படிகளைப் பார்த்ததாக ரூஃபீனோவின் மனைவி சொல்லிக்கொண்டு திரிகிறாள். லாமா வளர்க்கிற ஊரில் லாமாக் குளம்படி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறேன். வெட்கத்தை விட்டு உனக்குச் சொல்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் பிள்ளை அசையவில்லை. மணி அடித்தார்கள், துள்ளவில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், இடது பக்கம் படுத்தேன், தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போய்ப் பீடத்தின் படியில் அப்படியே படுத்துக்கொண்டேன். என்ன ஜெபம் சொன்னேன் என்று கேட்காதே. திட்டினேன். ‘நீர் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டீர், நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் எடுத்தால் இனி என்னிடம் ஸ்தோத்திரம் எதிர்பார்க்காதீர்’ என்றேன். கல் குளிர்ந்து கிடந்தது. முதுகு விறைத்துப்போய் எழுந்தபோது உள்ளே ஒரே ஒரு முறை, மெதுவாக, புரண்டது. அவர் பயந்தாரா, பிள்ளை பயந்ததா, தெரியவில்லை.

உன் வேண்டுதலுக்கு வருகிறேன். என் வயிற்றில் இருப்பதை வைத்து, என்னைக் கேட்காமல், எப்படி நீ பேரம் பேசினாய்? நீ முகத்தைக் கொடுத்துவிட்டாய், சரி. பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போவதையும், எனக்குப் புருஷன் இல்லாமல் போவதையும் யார் கொடுத்தது? அதையும் நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய். பாத்திரத்தைப் பிடுங்கின மாதிரியே.

ஆனால் ஒன்று. நீ ஏன் பிடுங்கினாய் என்று எழுதியிருந்த இடத்தைப் பத்து முறை படித்தேன். எனக்கு நினைவு இருந்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன்.

கெஞ்சமாட்டேன். கிறிஸ்மஸுக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஆகும்.

மெல்ச்சோரா


கன்யேத்தே
20 டிசம்பர் 1957

மதிப்புக்குரிய கொமாத்ரே,

மூன்று முறை லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். மூன்றாவது முறை மூட்டையையும் மேலே ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது இறங்கிவிட்டேன். மூட்டை மட்டும் நாற்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்தது. கொட்டகையில் அதை வைத்துச் சிரிக்கிறார்கள்.

பிள்ளை இரண்டு நாள் அசையாமல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வியாழக்கிழமைதான் நான் முதல் முறை லாரிக்குப் போனேன். தேதியைப் பார்த்தேன். இதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவையில்லை.

சத்துர்னீனாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கோயிலில் யாராவது படித்துச் சொல்வார்கள். பாத்திரத்தைப் பிடுங்கியது என் குற்றம், பிள்ளையின் குற்றமில்லை, உங்கள் குற்றமில்லை, தயவுசெய்து போ என்று எழுதினேன். போவாள் என்று நம்புகிறேன். முரடு, ஆனால் நல்லவள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். பிள்ளை பலவீனமாக வந்தால் சத்துர்னீனா ஊற்றட்டும். அவள் இல்லாவிட்டால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிடுங்கள், ரூஃபீனோவானாலும் சரி. நீங்கள் ஊற்றிவிடாதீர்கள். என் பக்கம் ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. உங்கள் பக்கமாவது திறந்திருக்கட்டும். உனக்கு— மன்னியுங்கள், அடித்துவிட்டேன்— உங்களுக்கு நான் செய்தது போதும்.

ஒரு மெழுகுவர்த்தியும் கம்பளித் தொப்பியும் அனுப்பியிருக்கிறேன். தொப்பி பெரிதாக இருக்கலாம். எந்த அளவில் வாங்குவது என்று தெரியவில்லை.

எவாரிஸ்தோ


பம்பாமார்க்கா
7 ஜனவரி 1958

மதிப்புக்குரிய கொம்பாத்ரே,

தாங்கள் நலமா? தங்கள் கொமாத்ரே நலம். தங்கள் மெழுகுவர்த்தி வந்து சேர்ந்தது. தொப்பியும் வந்தது. அதில் இரண்டு தலை நுழையும்.

என்ன, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாயா? செப்டம்பரில் நானும் இப்படித்தான் பார்த்தேன். இந்த மரியாதையை இதற்கு மேல் என்னால் இழுக்க முடியாது, எவாரிஸ்தோ. கை வலிக்கிறது.

பெண் குழந்தை. சனிக்கிழமை பகல், மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிறந்தாள். காலையிலிருந்து தனியாகத்தான் கிடந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, அதன் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. வலி வந்து வந்து போகிற இடைவெளியில் வெளியே ஏதோ கத்தியது. லாமாவா, காற்றா, நானேதானா என்று தெரியவில்லை. என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விரல்கள் இருக்கின்றனவா என்று. அந்த அளவுக்கு இந்த ஊர் என் மண்டைக்குள் புகுந்துவிட்டது. மாதாவே, நீயும் ஒரு தொழுவத்தில் இப்படித்தானே கிடந்தாய் என்றேன். அவள் பக்கத்தில் சூசையப்பராவது இருந்தார் என்று உடனே பொறாமை வந்தது.

தலை வெளியே வந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அதை எடுத்த பிறகும் அழவில்லை. நீலமாக இருந்தாள். கந்தெலாரியாவின் முகத்தை நான் பார்த்ததில்லை, நினைவு வந்தபோது நீயும் சத்துர்னீனாவும் துணியால் மூடியிருந்தீர்கள். அவளும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி.

தண்ணீர் ஊற்றினேன். நான்தான். ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. வாயில் வரவில்லை என்று நினைக்காதே, வேண்டுமென்றே சொல்லவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். உடம்பை ஒரு முறை வில் மாதிரி வளைத்துக்கொண்டு கத்தினாள் பார், கூரையிலிருந்து ஒட்டடை விழுந்தது.

இன்று நான்காம் நாள். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு சீழ்க்கை கேட்கிறது. பால் இரண்டு வாய் குடிக்கிறாள், களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள், அவர்களில் ஒருவரின் பெயரைக் கொண்ட என் பெயர்த் திருநாள். பாட்டுக்காரர்கள் எல்லா வீட்டுக்கும் போனார்கள், நம் வீட்டைத் தாண்டும்போது பறையை நிறுத்திவிட்டுப் போனார்கள். தொட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ என்ன கணக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அவள் பிழைத்தது உன் வேண்டுதலால், நீ வந்தால் போய்விடுவாள் என்பாய். இருக்கலாம். நான்கு நாளாக நானும் அதையே யோசிக்கிறேன். நீ வந்து அவள் போனால் அதை நாம் இரண்டு பேரும் சுமக்க வேண்டும். நீ வராமல் அவள் போனால் நான் மட்டும் சுமக்க வேண்டும். நீ வராமலே அவள் பிழைத்தால், தன் தகப்பன் எதற்கு ஒளிந்தான் என்று பதினைந்து வயதில் என்னைக் கேட்பாள். மூன்றையும் எடை போட்டுவிட்டேன். வா.

அவளுக்கு ஊரெல்லாம் வேறு பெயர் வைப்பதற்குள் வா. பெயர் உன் வாயில்தான் இருக்கிறது. கயிற்றுக்கூடை இன்னும் ஓடுகிறது. மழை கனத்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

உன் கடைசிக் கடிதத்தில் ‘உனக்கு’ என்று எழுதி அடித்திருந்தாய். அடித்த கோட்டை விரலால் தடவித் தடவி, அதற்குக் கீழே இருந்த எழுத்தைத்தான் படித்தேன். அந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியது அந்த ஒரு சொல்தான்.

நீ ஊற்ற வேண்டாம் என்று சொன்னாய், நான் ஊற்றினேன். ஆள் இல்லாத வேளை, அவசரம், பாவம் ஒட்டாது என்று நீ உன்னைத் தேற்றிக்கொண்டு, என் பக்கம் திறந்திருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவாய். அதற்காக இதையும் எழுதுகிறேன். பிள்ளையின் தலை தெரிந்தபோதே சத்துர்னீனா வந்துவிட்டாள். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, நனைந்துகொண்டு ஓடி வந்தாள். கொடியை அறுத்தவள் அவள்தான். பாத்திரத்தில் தண்ணீர் மொண்டவளும் அவள்தான், ஊற்றுவதற்குக் கையையும் உயர்த்திவிட்டாள்.

“குடு இங்க” என்றேன்.

“பெத்தவ ஊத்தக் கூடாது மெல்ச்சோரா. ஒரு தடவ பட்டது போதாதா? நான் இருக்கேன்ல?”

“நீ இருக்கறதாலதான் கேக்கறேன். குடு.”

இப்போது என் பக்கமும் உன் பக்கம் மாதிரியே அடைபட்டுவிட்டது. உர்பானோ சாமியார் வந்தால் என்னிடமும் கேட்பார், வேறு ஆள் இல்லைதானே என்று. இந்த முறை தெரியாமல் பதில் சொல்லமாட்டேன். இருந்தாள் சாமி, தலைமாட்டில்தான் நின்றாள், அவள் கையிலிருந்து நான்தான் வாங்கினேன் என்பேன்.

உன் மெல்ச்சோரா